கோயில் இருக்கிறது, நகரம் எங்கே?

தஞ்சாவூரையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் நின்று, நிதானித்துப் பார்க்க வேண்டும். ஏன்?

காலையில் வேன் வந்து நிற்கும். பெரிய கோயிலில் ஒரு மணி நேரம், வாசலில் தலையாட்டி பொம்மை, அரண்மனையில் ஒரு சுற்று. பிறகு தாராசுரம், சுவாமிமலை, கும்பகோணம் என்று அடுத்தடுத்து ஓட்டம். கங்கைகொண்ட சோழபுரம் பட்டியலில் இருந்தால் அதுதான் கடைசி ஊர். இருட்டுவதற்குள் பார்த்துவிட வேண்டும். நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் காட்டிவிடும் பயணத் திட்டங்களும் காவிரிக் கரையில் உண்டு. சோழ நாட்டுச் சுற்றுலா என்றால் இன்று நம்மில் பலருக்கு இதுதான். இந்த அவசரத்தில் ஓய்வு மட்டும்தான் பறிபோகிறது என்று நினைத்தால் தவறு. எதைப் பார்க்க வந்தோமோ அதுவே கைநழுவிப் போகிறது. உலகறிந்த இரண்டு தலைநகரங்களுக்குப் போய், இரண்டு கோபுரங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். அந்தக் கோபுரங்களைச் சுற்றி ஒரு காலத்தில் வாழ்ந்த நகரங்கள் எங்கே போயின என்ற கேள்வி எழுவதற்குக்கூட நேரம் கொடுப்பதில்லை. இந்த ஊர்களின் வரலாறு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

விடையின் முதல் பகுதி எளியது. தெய்வத்துக்குக் கல்லால் கட்டினார்கள். மனிதர்கள் செங்கல்லிலும் மரத்திலும் ஓட்டுக்கூரையின் கீழும் வாழ்ந்தார்கள், அரசன் உட்பட. அதனால் 1010ஆம் ஆண்டு முதலாம் ராஜராஜன் கலசம் வைத்த கோயில் நிற்கிறது. அவன் தூங்கி எழுந்த அரண்மனையின் சுவர்களில் ஒன்றையும் இன்று காட்ட முடியாது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படையெடுத்து வந்த மாறவர்மன் சுந்தர பாண்டியன், தஞ்சையையும் உறந்தை எனப்பட்ட உறையூரையும் எரியூட்டியதைத் தன் மெய்க்கீர்த்தியிலேயே பெருமையாகப் பொறித்துக்கொண்டான். ‘பொன்னியின் செல்வன்’ படித்துவிட்டுத் தஞ்சை அரண்மனையைத் தேடி வருகிற வாசகர்கள் ஏராளம். அவர்கள் நுழைவது நாயக்கர்கள் கட்டி, மராட்டியர்கள் விரிவாக்கிய அரண்மனைக்குள். அதற்கும் அந்த நாவலில் வரும் சுந்தர சோழனுக்கும் இடையில் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. அரை மணி நேரத்தில் சுற்றி முடிப்பவருக்கு இந்த இடைவெளி தெரியப்போவதில்லை. ‘சோழர் அரண்மனையைப் பார்த்தோம்’ என்ற நினைப்போடு வண்டி ஏறிவிடுவார்.

அவசரத்தில் விளையும் கட்டுக்கதைகள்

பெரிய கோயிலைப் பற்றி ஊரெல்லாம் உலவும் செய்திகளில் முதன்மையானது, விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது. இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். காலை வெயிலில் விமானத்துக்கு மேற்கே திருச்சுற்றில் நின்றால் போதும், அதன் நிழல் தரையில் நீண்டு கிடக்கும். மாலையில் அதே நிழல் கிழக்கே திரும்பியிருக்கும். உச்சி வெயிலில் ஓடி வந்து ஓடிப் போகிறவர் மட்டுமே இந்தக் கதையை நம்ப முடியும். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒற்றைக் கல் என்ற கதையும் அப்படித்தான். அது பல துண்டுகளைச் சேர்த்து அமைத்த சிகரம் என்று அருகிலிருந்து ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். வாசலில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் பெரிய நந்தி ராஜராஜன் வைத்ததன்று, நாயக்கர் காலத்தது. அம்மன் கோயில் பாண்டியர் காலத்தது. நுணுக்க வேலைப்பாட்டால் மயக்கும் முருகன் சன்னிதி மீண்டும் நாயக்கர் கொடை. திருச்சுற்றின் சுவரில் இரண்டாம் சரபோஜி 1803இல் தன் போன்ஸ்லே வம்ச வரலாற்றை மராத்தியில் வெட்டி வைத்திருக்கிறார். ஒரே முற்றத்தில் நான்கு அரச மரபுகள் அடுத்தடுத்து வந்து தங்கள் அடையாளத்தை விட்டுச் சென்றிருக்கின்றன. எல்லாவற்றையும் ‘ராஜராஜன் கட்டியது’ என்று ஒரு வரியில் முடிப்பது அவனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கதைகள் சுவையானவைதானே, அவற்றால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். கெடுதல் உண்டு. நிழல் விழாத அதிசயம் என்று சொல்லும்போது, கட்டியவர்களின் உண்மையான சாதனை மறைந்துபோகிறது. காவிரியின் வண்டல் படிந்த தஞ்சையில் கருங்கல் கிடையாது. ஒவ்வொரு கல்லும் வெகுதொலைவிலிருந்து வந்தாக வேண்டும். வெட்டியவர், ஏற்றியவர், இழுத்தவர், அவர்களுக்குச் சோறிட்டவர், அந்தச் சோற்றுக்கு நெல் அளந்தவர் என்று ஒரு நாடே சேர்ந்து உழைத்த வேலை அது. குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்ற பெயர் கல்வெட்டில் இருக்கிறது. மாயத்தால் எழுந்தது என்றால் இந்தப் பெருந்தச்சனுக்கு அங்கே வேலையே இல்லை.

சுவரில் இருக்கும் ஊர்

எரிந்துபோன தஞ்சையைப் பார்க்க இன்னும் ஒரு வழி இருக்கிறது. பெரிய கோயிலின் அடித்தளத்திலும் திருச்சுற்று மாளிகையிலும் வரிவரியாக ஓடும் கல்வெட்டுகளில் அந்த நகரம் அப்படியே பதிந்திருக்கிறது. ஹுல்ஷ் போன்ற அறிஞர்கள் படியெடுத்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியாக அவை அச்சாகி நூறாண்டு கடந்துவிட்டது. அவற்றில் தெருக்களின் பெயர்கள் வருகின்றன: வீரசோழப் பெருந்தெரு, காந்தர்வத் தெரு, மடைப்பள்ளித் தெரு, வில்லிகள் தெரு, ஆனையாட்கள் தெரு. கடைவீதியாகத் திரிபுவனமாதேவிப் பேரங்காடி இருந்தது. பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக இருக்கின்றன. யார் எந்த ஊரிலிருந்து வந்தவர், தெற்குத் தளிச்சேரியா வடக்குத் தளிச்சேரியா, எந்தச் சிறகில், அதாவது வீட்டு வரிசையில், எத்தனையாவது வீடு என்பதுவரை குறிப்பு உண்டு. ஒருவருக்கு ஒரு பங்கு. ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஒரு தெருவை வீட்டு எண்ணோடு நம்மால் வாசிக்க முடிகிறது. வேறு எத்தனை நகரங்களுக்கு இந்தப் பேறு வாய்த்திருக்கும்!

ஒரு விளக்கு எரிய என்னென்ன ஏற்பாடு செய்தார்கள் என்பதையும் அந்தச் சுவரே சொல்கிறது. அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். அவற்றை ஏற்ற இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். நெய்யை அளக்கவும் பொன்னை நிறுக்கவும் இறைவன் பெயரால் ‘ஆடவல்லான்’ என்றே அளவைகள் இருந்தன. கோயில் பணத்தை ஊர்ச் சபைகள் கடனாகப் பெற்று, காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி செலுத்தின. ஈழ மண்டலத்து ஊர்களின் வருவாயும் இந்தக் கோயிலுக்கு ஒதுக்கப்பட்டது. போரில் வென்ற பொன், வயலில் விளைந்த நெல், ஆட்டு மந்தை, ஊர்ச் சபை, ஆடல் மகளிர், கணக்கர் எல்லாம் ஒரே கணக்கில் வந்து சேரும் இடமாக இந்தக் கோயில் இருந்திருக்கிறது. விமானத்தை அண்ணாந்து பார்த்தால் அரசனின் ஆசை தெரியும். குனிந்து அடித்தளத்தைப் பார்த்தால் அந்த ஆசையை யார் சுமந்தார்கள் என்பது தெரியும். அண்ணாந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும்; குனிந்து பார்க்கத்தான் பொழுது வேண்டும்.

அரண்மனை வளாகத்தில் உள்ள கலைக்கூடமும் அப்படித்தான். திருவெண்காட்டு மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ரிஷபவாகன தேவர் அங்கே நிற்கிறார். காளையின் மீது சாய்த்த கையை எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் காளை அங்கே இல்லை. இல்லாத காளையின் உயரத்தையும் திமிலையும் அந்த முழங்கையின் வளைவிலிருந்தே நம் கண் ஊகித்துக்கொள்கிறது. தலையில் சுற்றிக்கட்டிய சடைமுடியைப் பின்பக்கம் போய்ப் பார்த்தால்தான் சிற்பியின் கை எவ்வளவு உழைத்திருக்கிறது என்பது விளங்கும். அந்தச் சிலையைச் சுற்றி ஒரு வட்டம் வராதவர் பாதிச் சிலையைத்தான் பார்த்திருக்கிறார்.

மதிலின் மேல் போகும் சாலை

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். வழியில் பட்டீஸ்வரத்துக்குப் பக்கத்தில் பழையாறை இருக்கிறது. சோழ அரச குடும்பம் வாழ்ந்த ஊர் அது. அருகே சோழன்மாளிகை என்றே ஒரு கிராமம். பெயர்தான் மிச்சம், மாளிகை இல்லை. அதைத் தாண்டிப் போனால் கொள்ளிடத்தில் அணைக்கரை. ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய கீழணை இது. அவசரப் பயணிக்கு இது ஒரு நீண்ட பாலம். ஆனால் கங்கைகொண்ட சோழபுரத்தின் கதையில் முக்கியமான அத்தியாயம் இங்கேதான் இருக்கிறது. இந்த அணைக்குக் கல் தேவைப்பட்டபோது, ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் அங்கே எழுப்பிய கோயிலின் சுற்றுமதிலைப் பெயர்த்து எடுத்தார்கள். சிற்பங்கள் நிறைந்த கற்களும் அந்தக் கூட்டத்தில் போயின. ஊர் மக்கள் தடுக்க முயன்றார்கள், தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக அரசு சொன்ன வாக்கு நிறைவேறவே இல்லை என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சில் பதிவாகிவிட்டது.

இந்த அணையைப் பழித்துவிட்டுப் போவது எளிது, அது நியாயமாகாது. கீழணையிலிருந்து வடவாறு வழியாகத்தான் வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. வீராணம், பராந்தக சோழன் காலத்து ஏரி. 2004 முதல் சென்னைக்குக் குடிநீரும் அங்கிருந்து வருகிறது. ஒரு சோழன் கட்டிய கோயிலின் கற்கள், இன்னொரு சோழன் காலத்து ஏரியை நிரப்பும் அணையில் கிடக்கின்றன. அந்தத் தண்ணீரைச் சென்னை குடிக்கிறது. அழிவும் பயனும் இப்படிப் பின்னிக் கிடப்பதைப் புரிந்துகொள்வதுதான் வரலாற்றறிவு. அணைக்கரையில் ஒரு கால் மணி நேரம் வண்டியை நிறுத்தாதவருக்கு இது கிடைக்காது.

அங்கிருந்து போனால் கங்கைகொண்ட சோழபுரம். கங்கை வரை சென்று வென்ற படை திரும்பிய பிறகு, 1025ஐ ஒட்டி ராஜேந்திரன் உருவாக்கிய தலைநகரம். 1279இல் சோழ ஆட்சி முடியும்வரை ஏறத்தாழ 250 ஆண்டுகள் அதுவே தலைநகராக இருந்தது. தந்தையின் விமானம் நேர்கோட்டில் நிமிர்ந்து ஏறுகிறது. மகனின் விமானம் உட்குழிந்து வளைந்து ஏறுகிறது. வடக்கு வாசலருகே சண்டேசருக்குச் சிவபெருமான் கொன்றை மாலை சூட்டும் சிற்பத்தில், பணிந்து அமர்ந்திருப்பவர் ராஜேந்திரனே என்று பார்க்கும் அறிஞர்களும் உண்டு. பலருடைய பயணம் இங்கே முடிந்துவிடுகிறது. ஆனால் கோயிலிலிருந்து சுமார் 2 கிலோமீட்டரில் மாளிகைமேடு இருக்கிறது. தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1980களிலும், மீண்டும் 2021 முதலும் அகழாய்வு செய்த இடம். செங்கல் சுவர்களின் அடிப்பகுதி, கூரை ஓடுகள், ஓடுகளைப் பிணைத்த இரும்பு ஆணிகள், சீனப் பானை ஓடுகள் எல்லாம் வெளிப்பட்டன. கடாரம் வரை கப்பல் செலுத்திய ஒரு பேரரசனின் அரண்மனையில் இன்று நம் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். மேட்டிலிருந்த செங்கற்களைச் சுற்றுவட்டார மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி வீடு கட்டிக்கொண்டார்கள். அந்த வகையில் அரண்மனை முழுதும் மறைந்துவிடவில்லை, ஊருக்குள் கலந்துவிட்டது.

ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரியும் பக்கத்தில்தான். கங்கை நீரால் ஆன வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைப் போற்றுகிறது. மற்ற அரசர்கள் கல்லில் தூண் நட்டார்கள். இவன் தன் வெற்றியை நீரில் நட்டான். இன்று பொன்னேரி என்று அழைக்கப்படும் அந்த ஏரியின் கரை 16 மைல் நீளம் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. கோயில், அரண்மனை மேடு, ஏரி ஆகிய மூன்றையும் ஒரே பகலில் பார்த்தால்தான் ஒரு தலைநகரம் மனத்தில் எழும். கோயிலை மட்டும் பார்த்தால் வயல்வெளிக்கு நடுவே யாரோ தனியாக விட்டுப்போன ஒரு கோபுரம்தான் எஞ்சும்.

எதிர்வாதங்கள்

‘இடிபாட்டில் என்ன இருக்கிறது? செங்கல் குவியலைப் பார்க்கவா குடும்பத்தோடு போவது?’ என்பது பொதுவான கேள்வி. கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது. மாளிகைமேட்டில் நிற்கிற குழந்தைக்கு, இங்கேதான் அரசனின் கூடம் இருந்தது, இப்படித்தான் ஓடு வேய்ந்தார்கள் என்று படம் போட்டுச் சொல்ல ஆள் வேண்டும், பலகை வேண்டும். அது பயணியின் குறை அன்று. காட்டும் பொறுப்பில் உள்ளவர்களின் குறை. யாரும் போகாத இடத்துக்கு யாரும் பலகை வைக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. நாம் போகத் தொடங்கினால்தான் கேட்கும் உரிமையும் வரும்.

‘கோயில் வழிபாட்டுக்கான இடம்; கும்பிட வந்தவரைக் கல்வெட்டு படிக்கச் சொல்லலாமா?’ என்பது அடுத்த கேள்வி. அந்தக் கல்வெட்டுகள் பெரும்பாலும் வழிபாட்டைப் பற்றியவை என்பதே இதற்குப் பதில். எந்த விளக்குக்கு யார் நெய் கொடுத்தார், எந்தத் திருமேனியை யார் செய்து வைத்தார் என்பதைத்தான் அவை பெரிதும் சொல்கின்றன. 96 ஆடுகளைக் காத்து நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்த இடையரை நினைத்துக்கொண்டு விளக்கைப் பார்ப்பவரின் பக்தி குறையாது, கூடும். நடந்தும் வண்டி கட்டியும் தலயாத்திரை போன நம் முன்னோர், ஊருக்கு ஊர் தங்கித்தான் போனார்கள். ஒரு நாளில் ஒன்பது கோயில் என்பது அவர்கள் அறியாத வழக்கம்.

மூன்றாவது எதிர்வாதம் வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. ஆனால் பலர் மனத்தில் இருக்கிறது. நுணுகிப் பார்த்தால் சோழர் பெருமை குறைந்துவிடாதா என்ற தயக்கம் அது. கல்வெட்டுகளில் கொடையும் கலையும் மட்டும் இல்லை. வரி நீக்கிய நிலங்களைப் பட்டியலிடும்போது பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றன. அந்த ஊர்களில் யார் எங்கே வாழ விதிக்கப்பட்டார்கள் என்பதற்கு அரசனின் கல்லே சாட்சி. இதைப் படித்த பிறகும் பெரிய கோயில் பெரிய கோயிலாகத்தான் இருக்கும். ஆனால் நம் பெருமிதம் கண் திறந்த பெருமிதமாக மாறும். பாதியை மறைத்துவைத்துக் கொண்டாடும் பெருமை, கேள்வி கேட்கும் முதல் இளைஞனுக்கு முன்னால் நிற்காது.

நேரமும் பணமும் இல்லை என்பது எல்லாவற்றையும்விட நியாயமான தடை. இரண்டு நாள் விடுப்பு கிடைப்பதே பெரிய காரியம் என்ற குடும்பங்களுக்கு வாரக்கணக்கில் தங்கச் சொல்ல முடியாது. நாட்களைக் கூட்ட வேண்டியதும் இல்லை. ஊர்களைக் குறைத்தால் போதும். இரண்டு நாளில் பன்னிரண்டு இடங்களுக்கு ஆகும் டீசல் செலவில், நான்கு இடங்களைப் பார்த்துவிட்டுத் தஞ்சையில் ஓர் இரவு தங்கிவிடலாம். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே பேருந்துகளுக்குக் குறைவில்லை. மதியம் நடை சாத்தும் நேரத்தில், திறந்திருக்கும் நேரம் பார்த்துக் கலைக்கூடத்துக்கோ சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்துக்கோ போகலாம். மார்கழி, தை மாதங்களில் வெயிலும் தாழ்ந்திருக்கும்.

அரசும் தன் பங்கைச் செய்ய வேண்டும். பெரிய கோயிலின் முக்கியமான பத்துக் கல்வெட்டுகளின் அருகிலாவது இன்றைய தமிழில் அதன் செய்தியை எழுதி வைக்கட்டும். கங்கைகொண்ட சோழபுரம் கோயிலையும் மாளிகைமேட்டையும் சோழகங்கத்தையும் இணைக்கும் ஒரு சிற்றுந்து ஓடட்டும். அணைக்கரையில் அந்த மதிலின் கதையைச் சொல்லும் ஒரு பலகை நிற்கட்டும். பெரிய கோயிலை 1987இலும், கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் 2004இலும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ ஏற்றது. உலகம் ஏற்றதை அதன் வாரிசுகளுக்கு விளக்கிச் சொல்ல இவை மிகச் சிறிய செலவுகள்.

அதுவரை பயணி காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை சோழ நாட்டுக்குத் திட்டமிடும்போது பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். பெரிய கோயிலை ஒரு காலையும் ஒரு மாலையும் பாருங்கள். ஒரு முழுப் பகலைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒதுக்கி, மாளிகைமேடு வரை பிள்ளைகளை நடத்திக் கூட்டிப் போங்கள். இரண்டு நாளில் இரண்டு நகரங்களைத் தெரிந்துகொள்வது, ஒரே நாளில் பத்து ஊர்களைக் கடந்து வருவதைவிட மேலானது.